மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வெப்ப அடுக்கு: வெயிலா, வரத்தா?

கேள்வி: 2025 மார்ச் 2

நீர்த்தேக்கங்களில் மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் தனித்தனி அடுக்குகளாக நிற்கும் என்பது பனி பெய்யும் நாடுகளின் பாடநூல்களிலிருந்து நாம் அப்படியே எடுத்துக்கொண்ட செய்தி. மேட்டூரில் ஆண்டு முழுவதும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. போன வாரம் பண்ணவாடிக் கரையில் நானே வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். மேலும் கீழும் ஒரு டிகிரி வேறுபாடுகூட இல்லை. ஆகவே நம் அணைகளில் வெப்ப அடுக்கு என்று ஒன்று கிடையாது. மறுப்பவர் உண்டா?

2025 மார்ச் 2, இரவு

மறுக்கிறேன். அடுக்கைத் தாங்கி நிற்பது வெப்பநிலை வேறுபாடு அன்று, அடர்த்தி வேறுபாடு. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதற்கு மேல் சூடாக ஆக இலேசாகும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரே அளவில் இலேசாகாது என்பதைப் பள்ளியில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. 5 டிகிரி நீரை 6 டிகிரியாக்கினால் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம்தான் எடை குறைகிறது. 29 டிகிரி நீரை 30 ஆக்கினாலோ ஏறத்தாழ 300 கிராம் குறைகிறது. அதாவது, குளிர்நாட்டு ஏரியின் அடிநீரில் ஒரு டிகிரி ஏறினால் என்ன விளையுமோ, அதைப் போல் பன்னிரண்டு மடங்கை நம் ஊரில் ஒரே டிகிரி செய்துவிடக்கூடும். (குளிர்நாட்டிலும் நீர் சூடேறச் சூடேற இந்த வேறுபாடு குறையும் என்பதால் 'பன்னிரண்டு' என்பதை அந்த அடிமட்டக் குளிருக்கு மட்டுமே கொள்ளவும்.) மேலே 29, கீழே 26 என்று இருந்தால் நீங்கள் அதை வேறுபாடு என்றே மதிக்க மாட்டீர்கள். தண்ணீர் மதிக்கும்.

2025 மார்ச் 3

ஒன்று கேட்க விட்டுப்போயிற்று. கரையில் எவ்வளவு ஆழத்தில் அளந்தீர்கள்? முழங்கால் ஆழமா, இடுப்பளவா?

2025 மார்ச் 3, மாலை

இடுப்பளவு என்று பதில் வந்திருக்கிறது. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); நீர் பரவும் பரப்பு ஏறத்தாழ 153 சதுர கி.மீ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் சராசரி ஆழமே 17 மீட்டருக்கு மேல் வருகிறது. அணையை ஒட்டிய பகுதி அதைவிட வெகு ஆழம். இடுப்பளவுத் தண்ணீரில் அடுக்கைத் தேடுவது, தென்னையின் அடியில் நின்றுகொண்டு இளநீர் இல்லை என்று சொல்வதைப் போன்றது.

2025 மார்ச் 9

கேலி போதும், அனுபவத்தைச் சொல்கிறேன். மாணவப் பருவத்தில், மேட்டூரைவிடச் சிறியதொரு நீர்த்தேக்கத்தில் பரிசலில் போய் ஆழவாரியாக நீர் எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி முடிந்த நைலான் கயிறு, அதன் நுனியில் இருபுறமும் திறந்த ஒரு குழாய்க் குடுவை, கயிற்றின் வழியே மேலிருந்து நழுவவிடும் ஒரு பித்தளைக் குண்டு, அவ்வளவுதான். குண்டு போய்த் தட்டியதும் குடுவையின் இரு வாயும் மூடிக்கொள்ளும்; கயிற்றைப் பிடித்திருக்கும் விரலில் அந்த 'டக்' தெரியும். மேலே இழுத்தவுடன் வெப்பமானியைச் செருகிப் படிக்க வேண்டும். பரிசல்காரரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் வெயில் அதற்குள் தண்ணீரைச் சுடவைத்துவிடும்.

பங்குனி முற்பகலில் முதல் சில மீட்டர்களில் வெப்பமானி அசையவே இல்லை. பிறகு சிறிதொரு இடைவெளியில் சட்டென்று இறங்கியது. அதற்குக் கீழே மறுபடியும் அசைவில்லை. மொத்த வேறுபாடு மூன்று டிகிரிகூட இல்லை. ஆனால் அந்த இறக்கத்துக்குக் கீழிருந்து வந்த குடுவையைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. கூட வந்த மீனவர் சிரித்தார்: "அதுக்குக் கீழ வலை விட்டா சும்மாதான் வரும் தம்பி, இந்த மாசத்துல மீன் எல்லாம் மேலதான் கெடக்கும்." அவர் வெப்பமானியைப் பார்த்ததே இல்லை, அடுக்கு எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

காரணம் எளிது. மேலடுக்கு காற்றிலிருந்து உயிர்வளி (ஆக்சிஜன்) பெறும். கீழடுக்குக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும். மேலிருந்து விழும் பாசியும் இலையும் அடியில் மட்கும்போது இருக்கும் உயிர்வளியும் தீர்ந்துபோகும். சூட்டில் மட்குதல் விரைவாக நடக்கும் என்பதால், 26 டிகிரி அடிநீர் 6 டிகிரி அடிநீரைவிட மிக விரைவில் மூச்சுத் திணறும். ஆகையால் நம் ஊரில் அடுக்கு மெல்லியதாக இருக்கலாம். அதன் விளைவு மெல்லியதாக இருக்க வேண்டியதில்லை.

2025 மார்ச் 16

'அப்படியானால் மேட்டூரில் நாற்றம் கோடையில் அல்லவா வர வேண்டும், பண்ணவாடியிலும் கோட்டையூரிலும் பச்சைப்படலமும் துர்நாற்றமும் குளிர்காலத்தையொட்டி அல்லவா செய்தியாகின்றன' என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல மடக்கு. அதற்கு என் விளக்கம் இது. விளக்கம் என்றுதான் சொல்கிறேன், தீர்ப்பு என்று அன்று.

மார்கழி, தை இரவுகளில் மேல்நீர் குளிர்கிறது. குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்க, அதுவரை தனித்து நின்ற அடிநீர் மேலே கலக்கிறது. அடியில் உயிர்வளி இல்லாதபோது சேற்றிலிருந்து கரைந்து வெளிவந்த பாஸ்பேட்டும் அம்மோனியாவும் அப்போது வெயில் படும் இடத்துக்கு வந்து சேர்கின்றன. பாசிக்கு அதைவிட வேறு விருந்து வேண்டாம். பிறகு காற்று அந்தப் பாசியைக் கரையோரக் குடாக்களில் ஒதுக்க, அது அங்கே அழுகுகிறது. ஊர்ச் சாக்கடையும் வயலில் போட்ட உரமும் ஆற்றோடு வந்து சேர்வதை நான் மறக்கவில்லை. விருந்துக்கான அரிசி அங்கிருந்துதான் வருகிறது. அதைப் பரிமாறும் நேரத்தை முடிவு செய்வது அடுக்கு கலையும் நேரம் என்பதே என் வாதம்.

2025 மார்ச் 30

இதுவரை வெயிலையும் குளிரையும் மட்டுமே பேசினோம். மேட்டூரைப் பொறுத்தவரை பெரிய ஆள் அதுவன்று, வரத்துதான்.

ஒரு நாள் முழுவதும் நொடிக்கு ஒரு லட்சம் கன அடி வந்தால் 8.64 டி.எம்.சி. ஆகும். அப்படியானால் 93.47 டி.எம்.சி. கொண்ட நிறைந்த தேக்கத்தின் நீர் அத்தனையும் பதினோரு நாளில் புதிதாகிவிடும். சாதாரண ஆண்டையே எடுத்துக்கொள்வோம். 2018-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது 177.25 டி.எம்.சி. கொள்ளளவோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு இருமுறைக்குச் சற்றுக் குறைவாகத் தேக்கத்து நீர் மாறுகிறது. பல ஆண்டு நீரைத் தேக்கிவைக்கும் ராட்சத அணைகளின் அடிநீரோடு மேட்டூரின் அடிநீரை ஒப்பிடவே முடியாது; இங்கே அதற்கு முதுமையடைய நேரமில்லை.

2024-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூலைத் தொடக்கத்தில் நீர்மட்டம் 40 அடி அளவில் கிடந்தது. நீர் இறங்கினால் மட்டும் வெளியே தெரியும் நந்தி சிலையைப் பார்க்கக் கூட்டம் போயிற்று. ஜூலை 30 அன்று 120 அடி. அன்றைக்கு அணையில் நின்ற தண்ணீரில் பழைய நீர் எட்டில் ஒரு பங்குகூட இருந்திராது. பங்குனி, சித்திரை வெயில் பாடுபட்டுக் கட்டிய அடுக்கை, நீர்மட்டத்தை இறக்கியபோதே பாதி கலைத்தாயிற்று; வெள்ளம் வந்து மீதியையும் துடைத்தது. வெயில் மட்டும் தெரிந்தவர் அந்த ஆண்டின் அடுக்கைக் கணிக்க முடியாது. குடகில் எப்போது மழை பெய்தது, கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் எப்போது திறந்தார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

2025 ஏப்ரல் 1

கேள்வி கேட்டவர் ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார் (ஏப்ரல் முதல் தேதி என்பதால் இருமுறை சரிபார்த்தேன்). நீர்த்தேக்கம் அடுக்காக நிற்குமா, கலந்து நிற்குமா என்று தோராயமாகச் சொல்லும் அடர்த்தி சார்ந்த ஃபுரூடு எண் அது. தேக்கத்தின் நீளத்தைச் சராசரி ஆழத்தால் வகுத்து, வரத்தைக் கொள்ளளவால் வகுத்து, இரண்டையும் பெருக்கி, 320-ஆல் பெருக்க வேண்டும். எல்லாம் மெட்ரிக் அலகில். விடை ஏறத்தாழ 0.3-க்குக் கீழே இருந்தால் அடுக்கு உறுதி, ஒன்றைத் தாண்டினால் நீர் கலந்திருக்கும், நடுவில் இருந்தால் அரைகுறை.

நீளம் தோராயமாக 50 கி.மீ., ஆழம் 17 மீட்டர் என்று வைத்து அவர் போட்ட கணக்கு: 15,000 கன அடி வரத்துக்கு 0.15, 32,000 கன அடிக்கு 0.32; ஒரு லட்சம் கன அடிக்கு ஒன்று. "ஆகவே சாதாரண நாளில் அடுக்கு உண்டு, வெள்ளத்தில் இல்லை. நான் பாதி தோற்றேன்" என்று முடித்திருக்கிறார்.

2025 ஏப்ரல் 6

பாதி அல்ல, முக்கால் தோல்வி என்று இப்போது தோன்றுகிறது. அந்த 320 வானத்திலிருந்து விழுந்த எண் அன்று. ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு கன மீட்டரில் ஒரு கிராம் அடர்த்தி கூடும் என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து வந்த மாறிலி. நம் வெதுவெதுப்பான நீரில், 20 மீட்டரில் மூன்று டிகிரி குறைந்தாலே மீட்டருக்கு 40 கிராமுக்கு மேல் வந்துவிடும். அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் 320 இருந்த இடத்தில் 50-ஐவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஒரு லட்சம் கன அடிக்கும் விடை 0.15 அளவில்தான் நிற்கிறது.

அப்படியானால் வெள்ளத்திலும் அடுக்கு உடையாதா? சூத்திரம் சொல்வது, வெள்ளத்தின் வேகம் மட்டும் அடுக்கைக் கலக்கிவிடப் போதாது என்பது. மார்ச் 30 குறிப்பில் நான் சொன்னது நீர் மாறிவிடும் என்பது. இரண்டும் வேறு வேறு. கலக்காமலேயே பழைய நீரை மதகு வழியே தள்ளிவிட்டுப் புதுநீர் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ள முடியும். அப்போது அடுக்கு இருக்கும். முந்தைய மாதத்து அடுக்காக இராது. எனக்கு இதுவே நடைமுறைக்கு நெருக்கமாகப் படுகிறது.

2025 ஏப்ரல் 20

புதுநீர் எங்கே உட்காரும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆற்று நீர் தேக்கத்துக்குள் நுழைந்ததும் தன் கனத்துக்கு ஒத்த ஆழத்தைத் தேடிப் போகும். மேல்நீரைவிட இலேசாக இருந்தால் மேலே பரவும்; கனமாக இருந்தால் முங்கி அடியோடு ஓடும்; இரண்டுக்கும் நடுவே என்றால் ஆப்புப் போல் இடையில் செருகிக்கொள்ளும். முங்கும் இடம் கண்ணுக்கே தெரியும்: செந்நீர் ஒரு கோட்டில் சட்டென்று மறைய, அந்தக் கோட்டில் சுள்ளியும் நுரையும் பிளாஸ்டிக் புட்டிகளும் திரண்டு நிற்கும்.

இதில் வண்டலின் பங்கை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஒரு லிட்டரில் அரை கிராம் வண்டல் இருந்தால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிராம் கனம் கூடுகிறது. மார்ச் 2 இரவுக் குறிப்பைப் பாருங்கள்: அது நம் வெப்பநிலையில் ஒரு டிகிரிக்குச் சமம். ஆகவே தேக்கத்து மேல்நீரைவிட ஒரு டிகிரி சூடான புதுவெள்ளம்கூட, அந்த அளவுக்கு மேல் கலங்கலாக வந்தால் மேலே மிதக்காது, முங்கும். போகப் போக வண்டல் படிந்துவிட, சுமை இறங்கிய அந்தச் சூடான நீர் அடியிலிருந்து மறுபடி எழும். வெப்பமானியை மட்டும் நம்புபவருக்கு இது பேய் வேலையாகத் தெரியும்.

அமெரிக்காவின் ஹூவர் அணையில், மீட் ஏரி நிரம்பத் தொடங்கிய 1935-இலேயே, தேக்கத்தின் மேற்பரப்பு தெளிந்திருக்க அணையின் அடிவாய் வழியே சேற்று நீர் வெளிவந்ததைப் பார்த்தார்கள். தலையில் நுழைந்த கலங்கல், தெளிந்த நீருக்கு அடியில் தேக்கத்தின் முழு நீளத்தையும் கடந்து வந்திருந்தது.

2025 மே 11

அடுத்தது வெளியேறும் வாசல். மேட்டூரில் தண்ணீர் ஒரே உயரத்திலிருந்து வெளியேறுவதில்லை. பதினாறு கண் மதகு வழியே போவது மேல்மட்ட நீர். பாசனத்துக்காக அணை மின்நிலையம், சுரங்க மின்நிலையம் வழியே போவது அதற்குக் கீழே இருந்து எடுக்கப்படும் நீர். அடிநீரை எடுக்க எடுக்கக் குளிர்ந்த இருப்புக் குறைந்து அடுக்கு தளரும். மேல்நீரை மட்டும் வழியவிட்டால் அடிநீர் தொந்தரவின்றிக் கிடக்கும். ஆகவே வரத்தும் வெளியேற்றமும் ஒரே அளவாக இருக்கும் இரண்டு நாட்களில்கூட, எந்த வாசல் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அடுக்கு வேறுபடும்.

வாசலின் உயரம் எவ்வளவு பெரிய செய்தி என்பதற்குக் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணையே சாட்சி. 1963-இல் அதை மூடினார்கள். மின்நிலையத்துக்கு நீர் எடுக்கும் குழாய்வாய், நிறைமட்டத்திலிருந்து 230 அடிக்குக் கீழே இருக்கிறது. அந்த அணையின் நீர்த்தேக்கமான பவெல் ஏரி நிரம்பியிருந்த காலத்தில் ஆண்டு முழுவதும் 8 முதல் 10 டிகிரி வரையிலான நீரே ஆற்றில் போயிற்று. அணைக்கு முன் கோடையில் 25 டிகிரிக்கு மேல் சூடேறிய ஆறு அது. சூட்டுக்குப் பழகிய உள்நாட்டு மீன்கள் ஒடுங்க, குளிர் விரும்பும் டிரௌட் மீன் செழித்தது. பிறகு வறட்சி. ஏரி இறங்க இறங்கக் குழாய்வாய் அசையாமல் இருக்க, மேலடுக்கு அதை நெருங்கி வந்தது. 2022-இல் வெளியேறும் நீர் 20 டிகிரியைத் தாண்டியது. ஏரியின் சூடான பகுதியில் வாழ்ந்த ஸ்மால்மவுத் பாஸ் என்னும் வந்தேறி வேட்டை மீன் அதே ஆண்டு அணைக்குக் கீழே குஞ்சு பொரிப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2024-இல் இன்னும் ஆழத்திலுள்ள புறவழிக் குழாய்களைத் திறந்து, மின்சாரத்தை இழந்து, குளிர்ந்த நீரைக் கலந்துவிட்டார்கள். வறட்சி வந்து அணைக்குக் கீழே ஆற்றின் வெப்பநிலையையே மாற்றியது, வெயில் கூடியதனால் மட்டும் அன்று, நீர்மட்டம் இறங்கியதனால்.

2025 மே 12

'அப்படியானால் மேட்டூரின் குளிர்ந்த நீர் குறுவை நாற்றை நடுங்கவைக்குமோ' என்று ஒரு கேள்வி. நடுங்காது. ஜப்பானில் மலையணை நீரால் நெல் பாதிக்கப்படுகிறது என்பதற்காக மேல்நீரை மட்டும் எடுக்கும் கதவுகளைக் கட்டியிருப்பது உண்மை. மேட்டூரில் அடிநீரே வெதுவெதுப்பு. அது கல்லணை போய்ச் சேரவே ஏறத்தாழ மூன்று நாளாகும். ஆனி வெயிலில் ஆற்று மணலில் மூன்று நாள் கிடந்த நீருக்குக் குளிர் எங்கே மிஞ்சும்? குறுவைக்கு வேறு கவலைகள் நிறைய உண்டு. இதை அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

2025 ஜூன் 8

புவி வெப்பமாவதால் அடுக்கு கட்டாயம் வலுக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உலகெங்கும் 235 ஏரிகளில் 1985 முதல் 2009 வரை கோடைக்கால மேல்நீரின் வெப்பநிலை சராசரியாகப் பத்தாண்டுக்கு 0.34 டிகிரி ஏறியிருக்கிறது, அது உண்மை. நம் வெப்பநிலையில் ஒவ்வொரு சிறு ஏற்றமும் கூடுதல் எடை பெறும் என்பதும் உண்மை. ஆனால் அடுக்கின் வலு மேல்நீரை மட்டும் பொறுத்ததன்று. வெள்ளம் குறுக்கிடாத ஆண்டில் அடிநீரின் வெப்பநிலையை முடிவு செய்வது முந்தைய மார்கழியும் தையும்தான். நீர் கடைசியாக அடிவரை கலந்தபோது எவ்வளவு குளிர்ந்திருந்ததோ அந்தச் சூட்டிலேயே அது பூட்டிவைக்கப்படுகிறது. குளிர்கால இரவுகள் பகலைவிட வேகமாகச் சூடேறினால் அடிநீரும் சூடாகவே தொடங்கும். இடைவெளி விரியாமலும் போகலாம். மேல்நீர் குளிர்வதில் ஆவியாதலுக்குப் பெரும் பங்கு இருப்பதால், வறண்ட காற்றடிக்கும் தை ஒரு விதம், வானம் மூடிப் புழுங்கும் தை வேறு விதம்.

காற்றையும் சேர்க்க வேண்டும். அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று, அடுக்கை விட்டுவைக்குமா என்றால், ஆழத்தைப் பொறுத்தது. 40 அடி மட்டத்தில் அணை கிடக்கும்போது அடிவரை கலக்கிவிடும். 120 அடியில் நிற்கும்போது மேல் சில மீட்டர்களைத்தான் புரட்டும். ஆகக் காற்றின் வலிமையையும் கடைசியில் நீர்மட்டம்தான் நிர்ணயிக்கிறது.

2025 ஜூலை 6

ஜூன் 12 அன்று பாசனத்துக்குத் திறந்தார்கள். ஜூன் 29 அன்று அணை நிறைந்தது. சென்ற ஆண்டைவிட ஒரு மாதம் முந்தி; அதுவும் அடிமட்டத்திலிருந்து ஏறி வரவில்லை, ஏற்கெனவே பெரும்பகுதி நிறைந்திருந்த தேக்கத்தின் மேல் வெள்ளம் வந்தது. ஆகவே பழைய அடிநீர் இந்த முறை துடைக்கப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். சுரங்க மின்நிலையம் இழுத்த அளவுக்குத்தான் குறைந்திருக்கும்.

கேள்வி கேட்டவர் நிறைந்த அணையில் மறுபடி அளக்கப் போவதாகச் சொல்கிறார். கரையில் வேண்டாம். உரிய அனுமதியோடு பரிசலில் ஆழமான இடத்துக்குப் போய், விடியும் நேரத்தில் அளக்கவும். பிற்பகலில் மேல் ஒன்றிரண்டு மீட்டரில் தோன்றும் சூட்டுப் படலம் இரவில் கலைந்துவிடும். விடியலிலும் நிற்பதுதான் உண்மையான அடுக்கு. ஒவ்வொரு மீட்டருக்கும் படிக்கவும், ஐந்து மீட்டர் தாவினால் அந்த இறக்கம் எங்கே என்று தெரியாமல் போகும். வெப்பமானியோடு கலங்கலையும் பார்க்கவும். கூடவே அன்றைய வரத்து, நீர்மட்டம், எந்த மதகு திறந்திருந்தது என்ற மூன்றையும் அதே தாளில் குறித்துக்கொள்ளவும். மூக்குக்கு ஒரு கைக்குட்டை.